எடைமேடைத் திரை

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் ரோட்டில் அந்த சேகோ மில்.
எடைமேடைக் கண்ணாடி அறைக்குள்
இருபது வருஷப் பெட்டி ஒன்று,
மூக்கெல்லாம் கிழங்கு மாவு ஏறி,
நூற்றிருபத்தெட்டு எம்பி நினைவோடு
இன்னும் மூச்சு விடுகிறது.

"பெட்டிய மாத்த மாட்டேன்.
ஓடுறத எதுக்கு மாத்தணும்?"
முதலாளி அர்த்தநாரி சொல்லிவிட்டார்.
"திரை மட்டும் பெருசா, தமிழ்ல.
லோடு கொண்டாந்தவன் கீழ நின்னு படிக்கணும்."

லைப்ரரி தேடுகிறேன் என்றேன்.
"புஸ்தகமா?"
இல்லை, பட்டன் செய்து தருவது,
கட்டம் அடித்துத் தருவது,
மவுஸ் எங்கே நிற்கிறதென்று
பார்த்துச் சொல்வது.
"அப்ப ஆசாரின்னு சொல்லு."

ஐந்து ரோட்டில் என் மாடி அறை.
சேர்வராயன் மேல் மேகம் இறங்கி
ஏற்காட்டு விளக்குகள் மறையும்வரை
ஆசாரிகளை வரவழைத்துப் பார்த்தேன்.

முதல் ஆள் பெரிய இடம்.
எல்லா மொழியும் தெரியும்.
பட்டனுக்கு நிழல் விழும், மூலை வளையும்.
ஆனால் தனியே வரமாட்டார்.
தம்பி, மச்சான், மச்சானின் சமையல்காரர் என்று
நாற்பத்தோரு பேர் ஏறி உட்கார்ந்ததும்
ஹார்டு டிஸ்க் கிறீச்சிட்டது,
திரையில் அம்பு உறைந்தது.

அடுத்தவர் ஒல்லிதான்.
சி போதாது,
ப்ளஸ் ப்ளஸ் சேர்த்தால்தான் பேசுவேன் என்றார்.
போய் வாருங்கள் என்றேன்.

மூன்றாமவர் ஒரே ஒரு ஹெட்டர் ஃபைல்.
ஒரு இன்க்ளூட் வரி,
அதற்குள் வீட்டுக்குள் இருந்தார்.
குடித்தது பதினோரு எம்பி.
பட்டன் அமுங்கியது, எண் பெரிதாய் விழுந்தது.
விசிலடித்தேன்.
கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது.

மறுநாள் வாழப்பாடிப் பக்கமிருந்து
கிழங்கு லோடோடு வந்தவர் பேர் செங்கோடன்.
திரையில் விழுந்தது:

ச ◌ெ ங ◌் க ◌ோ ட ன ◌்

அண்ணாந்து பார்த்தார்.
"யாருங்க இது?"
"நீங்கதான்."
"முன்னாடி நிக்க வேண்டிய கொம்பு
பின்னாடி நிக்குதே.
மாட்டுக்குக்கூட அப்படி மொளைக்காதுங்க."

ஒல்லி ஆளுக்கு எழுத்தைக் கோக்கத் தெரியாது;
வந்த வரிசையில் இறக்கிவைத்துவிட்டுப் போவார்.
கோக்கத் தெரிந்தவரோ
நாற்பத்தோரு பேரோடுதான் வருவார்.

சரி, எழுத்தை உடைக்காமல்
ஒவ்வொன்றையும் முழுப் படமாய் வரைந்துவிடுவோம்.
உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம்.
ஒன்பது ராத்திரி, இருநூற்று நாற்பத்தேழு.
ஙௌ-வைக்கூட வரைந்தேன்,
இந்த ஜில்லாவில் ஒருவருக்கும்
அந்த எழுத்தில் பேர் இருக்காது என்று தெரிந்தும்.
மொத்தம் ஐம்பது கேபிகூட ஆகவில்லை.

பத்தாம் நாள் காலை
எடை போடும் சகாயமேரி
சரக்கின் பேரை அடித்தாள்.

▯வ்வரிசி

பள்ளிக்கூடக் கணக்கில் ஜ இல்லை.
"நாங்க செய்யறதே அதுதாங்க" என்றாள்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில்
மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.
ஜ வரிசை பன்னிரண்டு, ஜ் ஒன்று.
பிறகு ஸ, ஷ, ஹ.
க்ஷ-வை விட்டுவிட்டேன்.
லக்ஷ்மணன் யாராவது லோடோடு வந்தால்
அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் செங்கோடன் மறுபடி வந்தார்.
பேர் ஒழுங்காக விழுந்தது,
கொம்பு முன்னால்.
அவர் பேரைப் பார்க்கவே இல்லை.
கிழங்கைத் தண்ணீரில் முக்கி நிறுத்து
தராசு சொன்ன எண்ணைப் பார்த்தார்.

"இருபத்தாறா?
ரெண்டு பாயிண்ட் கொறையுதுங்களே.
நேத்து சாயங்காலம் புடுங்குன கெழங்கு!"

அர்த்தநாரி எழுந்து வந்தார்.
பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருவர்,
அந்தப் பக்கம் ஒருவர்,
இருவர் விரலும் திரையின் மேல்.

நான் மெமரியைப் பார்த்தேன்.
பதினோரு எம்பி.
ஏறவில்லை.